கடுப்பு என்று எழுதிய பெட்டி

கமாலுதீனுக்குக் 'கரடி கமாலு' என்ற பேர் வந்தது, அவன் நிஜக் கரடி ஒன்றைக் கண்ணால் பார்ப்பதற்குப் பதினைந்து வருஷம் முன்னால். கரடி விடுவது என்றால் என்னவென்று தமிழ் பேசுகிற யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ராயபுரத்தில் எல்லோரும்தான் அவ்வப்போது விடுவார்கள். மற்றவர்கள் பொழுது போகாமல் விடுவார்கள். கமாலுதீன் அதைத் தொழில் சுத்தத்தோடு செய்தான். காசிமேட்டுக் கடலில் சுறா ஒன்று தன் சோற்றுத் தூக்கை விழுங்கிவிட்டுப் போய், மூன்றாம் நாள் அதே இடத்துக்கு வந்து கக்கிவிட்டுப் போனதாகச் சொல்வான். நம்பாதவர்களிடம் தூக்கில் என்ன குழம்பு இருந்தது என்பதையும் சொல்வான். கேட்டவனுக்கு வாசனைகூட வரும்.

அவன் பார்த்த வேலை வெள்ளத்துரை கம்பெனிக் கிடங்கில் பகல் காவல். ராயபுரம் கூட்ஸ் ஷெட்டுக்கும் துறைமுகத்துக்கும் நடுவில் இருந்தது அந்தக் கிடங்கு. கப்பலுக்குப் போகிற சரக்கெல்லாம் கப்பல் வரும்வரை அங்கேதான் தங்கும். தோல் கட்டு, வெங்காய மூட்டை, எலும்புத் தூள் என்று நாற்றத்தில் ஒன்றை ஒன்று மிஞ்சுகிற சரக்குகள். மூக்கு இருக்கிறவன் ஒரு மாதம் தாங்கமாட்டான். கமாலுதீன் பன்னிரண்டு வருஷம் தாங்கினான்.

அவன் மனைவி ஜன்னத் அவனுக்கு நேர்மாறு. காலையில் பனைமரத்தொட்டி வீட்டில் இடியாப்பம் அவித்து, கூடையில் எடுத்துக்கொண்டு கிடங்கு வாசலுக்கு வருவாள். வாங்க வந்தவனிடம், "இன்னிக்கித் தேங்காப்பாலு லேசா திரிஞ்சிகீது, வாணாம்" என்பாள். அப்புறம் எதுக்கும்மா கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தாய் என்று கேட்டால், "நேத்தே சொல்லி வெச்சிட்டேன் வரேன்னு" என்பாள். இப்படி ஒரு பெண் வியாபாரம் செய்து உருப்பட முடியுமா? ஆனால் உருப்பட்டாள். தெருக்குழாயில் யார் குடம் முதலில் வைத்தது என்ற சண்டைகூட அவளிடம்தான் தீர்ப்புக்கு வரும். கம்பெனி மேனேஜர் ராசையா நாசரேத்துக்காரர், யாரையும் சுலபத்தில் நம்பாத மனிதர். அவரும் ஜன்னத் சொன்னால் மறுபேச்சுப் பேசமாட்டார்.

இந்தப் புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் ஒரு பழைய காயம் இருந்தது. நாற்பத்திரண்டாம் வருஷம் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே நடுங்கிக்கொண்டிருந்தபோது, கமாலுதீன் டீக்கடையில் நின்று, காசிமேட்டுக்கு எதிரே கடலுக்கடியில் போகிற கப்பலின் குழாயை விடிகாலையில் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னான். குழாயின் நுனியில் ஒரு கண்ணாடி தன்னைத் திரும்பிப் பார்த்ததாகவும் சொன்னான். மத்தியானத்துக்குள் தெருவே மூட்டை கட்டியது. ஜன்னத்துக்கு அப்போது ஏழு மாதம். "நெஜமாவா?" என்று ஒரே ஒரு தரம் கேட்டாள். சுற்றி இருபது பேர் நின்றார்கள். அத்தனை பேர் முன்னால் கதை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. ஆமாம் என்றான். செங்குன்றம் போகிற வழியில், மாட்டு வண்டியின் குலுக்கலில், குழந்தை பிறந்துவிட்டது. பெண் குழந்தை. அது அழவே இல்லை.

அதற்குப் பிறகு அவர்களுக்குக் குழந்தை கிடையாது. ஜன்னத் ஒரு வார்த்தை குற்றம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவன் பிழைத்திருப்பான். அந்த நாளுக்கப்புறம் அவள் அவனிடம் "நெஜமாவா?" என்று கேட்பதை விட்டுவிட்டாள், அவ்வளவுதான். அவனும் அவளிடம் மட்டும் கதை அளப்பதை விட்டான். ஊருக்கு விடுவதை விட முடியவில்லை. அது இருமல் மாதிரி, தானாக வந்துகொண்டிருந்தது.

நிஜக் கரடி வந்தது ஐம்பத்தோராம் வருஷக் கடைசியில், மார்கழி பிறந்த வாரம். சுவரெல்லாம் தேர்தல் சின்னங்களாக இருந்த சமயம். கடப்பைப் பக்கத்துக் காட்டில் பிடித்து, வெளிநாட்டு மிருகக்காட்சிசாலை ஒன்றுக்கு அனுப்புவதற்காக ரெயிலில் வந்தது. ஆள் உயரப் பெட்டி. முன்பக்கம் இரும்புக் கம்பி, மற்ற மூன்று பக்கமும் கனத்த பலகை, உள்ளே வைக்கோல். கூடவே அந்தக் காட்டைச் சேர்ந்த மலையாள் ஒருவன் வந்தான். வாயில் புகையிலையை அடக்கிக்கொண்டு மலைத் தெலுங்கில் படபடவென்று என்னமோ சொன்னான். ராசையாவுக்குத் தெலுங்கு அறவே தெரியாது. நாலு தரம் திரும்பச் சொல்லவைத்தும் அவர் காதில் தங்கியது இரண்டே வார்த்தை: ஒன்று 'ஜாக்ரத்த', இன்னொன்று 'கடுப்பு'. மலையாள் கரடியைக் காட்டி, தன் வயிற்றைத் தொட்டு, மறுபடி கடுப்பு என்றான்.

"வயித்துக்கடுப்பு போலுக்க. கோவக்கார மிருகம் வேற. சரிதான்" என்றார் ராசையா. சாக்கட்டியை எடுத்துப் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 'கடுப்பு' என்று எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டார். மலையாள் சாயந்தர ரெயிலில் போய்விட்டான். அன்றிலிருந்து கிடங்கில் அந்தக் கரடிக்குப் பேரே கடுப்பு. வயிற்றுக் கோளாறுக்கென்று இரண்டு நாள் வடிகஞ்சி வேறு கொடுத்தார்கள். அது குடித்துவிட்டுத் தட்டை நக்கியது.

கடுப்புக்கு அப்படி ஒன்றும் கடுப்பு இருந்ததாகத் தெரியவில்லை. வெல்லம் போட்ட கேழ்வரகுக் களி என்றால் கம்பிக்கு வெளியே உதடு நீண்டு வரும். கமாலுதீன் ஒரு நாள் ரெயில்பாதை ஓரம் கிடந்த செல்லரித்த கட்டை ஒன்றைத் தூக்கி வந்து கம்பிக்குள் தள்ளினான். கரடி நகத்தால் அதைப் பிளந்தது. முதலில் 'புஸ்' என்று ஊதி மண்ணையெல்லாம் பறக்கவிட்டது. பிறகு மூக்குத் துவாரத்தை மூடிக்கொண்டு, உதட்டைக் குழாயாகக் குவித்துக் கரையானை உறிஞ்சியது பாருங்கள், சத்தம் தெருமுனைவரை கேட்டது. மேல்வரிசையில் நடு முன்பல் இரண்டும் இல்லை. கடப்பைப் புலி ஒன்று அறைந்ததில் விழுந்துவிட்டது என்று கமாலுதீன் எல்லோருக்கும் சொன்னான். புலியுமில்லை, அறையுமில்லை. நம் நாட்டுக் கரடிக்கு அந்த இரண்டு பல் முளைப்பதே கிடையாது. கரையான் உறிஞ்ச அந்தச் சந்துதான் வசதி.

பொங்கலுக்கு முந்தின வாரம் எல்லாம் மாறியது. கரடி சாப்பாட்டை நிறுத்தியது. களி காய்ந்தது, வெல்லத்தில் எறும்பு மொய்த்தது. எறும்பைக்கூட அது தொடவில்லை. வைக்கோலையெல்லாம் பின்மூலைக்கு வாரிக்கொண்டு, கம்பிக்கு முதுகைக் காட்டிச் சுருண்டு படுத்துவிட்டது. முன்னாலிருந்து பார்த்தால் கறுப்பு மயிர் மூட்டை ஒன்றுதான் தெரியும். பத்து நாளில் தண்ணீருக்குக்கூடத் திரும்பவில்லை. ஒரு திங்கட்கிழமை, பெட்டி கழுவுகிற மாரியப்பன் நீளக் கம்பை விட்டு ஈர வைக்கோலை இழுக்கப் பார்த்தான். அந்த மூட்டை எப்போது திரும்பியது, எப்போது கம்பிக்கு வந்தது என்று யாருக்கும் தெரியாது. மாரியப்பனின் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை சதை தொங்கியது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், தின்னாமல் குடிக்காமல் கிடந்த மிருகம் பாய்ந்தது என்றதும் முகம் மாறினார். வெறியாக இருக்கலாம், வயிற்றில் பதினாலு ஊசி போட்டே ஆகவேண்டும் என்றார். மிருகத்தைக் கொன்று தலையை அனுப்பினால் சோதித்துச் சொல்லலாம் என்றும் சொன்னார். கரடியை விற்ற கடப்பை ஏஜெண்டிடமிருந்து, உங்களுக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படிச் செய்யுங்கள் என்று தந்தி வந்தது. வெறிபிடித்த மிருகத்தை எந்தக் கப்பலும் ஏற்றாது. முதலாளி வெள்ளத்துரை போனில் 'சுட்டுத் தள்ளு' என்று இரண்டே வார்த்தை பேசி வைத்துவிட்டார். புதன்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குப் பின்டோ துப்பாக்கியோடு வருவதாக ஏற்பாடு. பின்டோ ரெயில்வேயில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பழவேற்காட்டு ஏரியில் வாத்து சுடுகிறவர்.

செவ்வாய்க்கிழமை பன்னிரண்டரைச் சங்கு ஊதியது. கிரேன் நின்றது, ஷண்டிங் எஞ்சின் நின்றது, கூலிகள் சாப்பிடப் போனார்கள். அந்தப் பிராந்தியத்தில் காது கேட்கிற நேரம் அந்த அரைமணிதான். கமாலுதீன் பெட்டியின் பின்பக்கப் பலகையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நாளைச் சாயந்தரம் இது இருக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தான். அப்போது பலகைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. உறுமல் இல்லை. பக்கத்து வீட்டில் தையல் மெஷின் ஓடினால் சுவர் வழியாகக் கேட்குமே, அந்த மாதிரி மெலிசாக, விடாமல், ஒரு முனகல். காதை வைத்தான். நின்றது. மறுபடி வந்தது. ஒரு மணிச் சங்கு ஊதியதும் கிரேன் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது.

என்ன சத்தம் அது என்று அவனுக்குப் புரியவில்லை. சாயந்தரம் தெருக்குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது, தெலுங்குக்காரம்மா ஒருத்தி இன்னொருத்தியிடம் தன் மருமகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்றாம் மாதமாம், கடுபுதோ இருக்கிறாளாம், தண்ணீர்க்குடம் தூக்கவிடுவதில்லையாம். கமாலுதீன் காலைக் கழுவாமல் நின்றான்.

"அம்மாடி, கடுபுன்னா இன்னா?" என்றான்.

"வயிறு பாய். வயித்தோட கீறான்னு சொல்றோம்" என்று அவள் சிரித்தாள்.

மலையாள் தன் வயிற்றைத் தொட்டுக்காட்டியது அப்போதுதான் கமாலுதீனுக்கு உறைத்தது. கடுப்பு இல்லை, கடுபு. கோபமுமில்லை, வயிற்றுக் கோளாறுமில்லை. அந்த மனிதன் நாலு தரம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான், பிள்ளைத்தாய்ச்சி, ஜாக்கிரதை என்று. நாம் அவளுக்கு வடிகஞ்சி கொடுத்து, கொட்டை எழுத்தில் தப்பாகப் பேர் எழுதி, இப்போது பெற்ற இடத்திலேயே சுடப் போகிறோம். ஏழு மாதக்காரியை வண்டியில் குலுக்கிக்கொண்டு போனவனுக்கு இதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

புதன்கிழமை காலை ராசையா வந்ததும் எதிரே போய் நின்றான்.

"சார், அது வெறி இல்ல சார். குட்டி போட்டுகீது. உள்ள குட்டி கத்துது, நான் கேட்டேன். கடுப்புன்றது தெலுங்குல வயிறு சார்."

ராசையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கமாலு, மாரியப்பன் கை கிழிஞ்சு கெடக்கான். இன்னைக்காவது கரடி விடாத."

"கரடிதான் சார், ஆனா கரடி இல்ல சார்" என்றான். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலமாகக் கேட்கிறது என்று தெரிந்தது. சுற்றி நின்ற கூலிகள் சிரித்தார்கள். ஒருவன், குட்டி எத்தனை, ஆணா பெண்ணா, பேர் வைத்தாகிவிட்டதா என்று கேட்டான். முன்பு எந்தக் கதையையும் இவ்வளவு கெஞ்சி அவன் சொன்னதில்லை. எந்தக் கதையும் இவ்வளவு சுலபமாகத் தோற்றதுமில்லை. மாரியப்பன் மனைவி முத்தம்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள். கரடி சாகிறதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று வந்திருந்தாள்.

"பாய், என் வூட்டுக்காரருக்கு இன்னானா ஆயிட்ச்சினா நீ வந்து பதில் சொல்லுவியா?" என்று கேட்டாள். முத்தம்மா கேட்டதில் என்ன தப்பு?

பன்னிரண்டரைச் சங்குக்காகக் காத்திருந்தான். சங்கு ஊதியதும் ஓடிப்போய்ப் பலகையில் காதை வைத்தான். ஒன்றும் இல்லை. மூச்சுச் சத்தம்கூட இல்லை. அரைமணி முழுக்கக் காது மரத்துப்போக அப்படியே இருந்தான். அப்போதுதான் அவனுக்குப் பெரிய பயம் வந்தது. நேற்று உண்மையில் கேட்டேனா? இல்லை, வழக்கம்போல நானே கட்டிவிட்டு நானே நம்புகிறேனா? முப்பது வருஷமாகக் கடலுக்குள் குழாயும் சுறா வயிற்றில் தூக்கும் பார்த்த கண்ணும் காதும் இவை. ஊர் நம்பாவிட்டால் போகட்டும். அவனுக்கே அவன் மேல் நம்பிக்கை இல்லை.

வாசலில் ஜன்னத் காலிக் கூடையைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள். கமாலுதீன் அவள் எதிரே குந்தி உட்கார்ந்தான். எல்லாவற்றையும் சொன்னான். மலையாள் சொன்னதையும், குழாயடிப் பேச்சையும், தையல் மெஷின் சத்தத்தையும், இப்போது ஒன்றும் கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னான். கதைக்காரன் எவனும் கடைசியாகச் சொன்னதைச் சொல்லமாட்டான். அவள் கூடையைத் தட்டுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள்.

"நெஜமாவா?"

பத்து வருஷம் ஆகியிருந்தது அந்த வார்த்தையைக் கேட்டு. "தெர்ல ஜன்னத்து. கேட்டேன்னுதான் நெனைக்கிறேன். என்ன நம்பாத. நீ வந்து காது வெச்சிப் பாரு. நீ இல்லன்னா இல்லதான்."

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள்.

இரண்டு மணிக்குப் பின்டோ தோட்டா போட்ட துப்பாக்கியோடு பெட்டி முன்னால் நின்றார். ராசையா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரடியை இந்தப் பக்கம் திருப்பினால்தான் தலையில் படாமல் சுட முடியும் என்று பின்டோ சொன்னார். தலை டாக்டருக்கு வேண்டுமே. ஒருவன் கம்போடு தயாராக இருந்தான். ஜன்னத் உள்ளே வந்ததும் கூலிகள் வழிவிட்டார்கள்.

"என்ன தாயி, நீ எதுக்கு இங்க?" என்றார் ராசையா.

"பலகையில காது வெச்சிப் பாக்கணும் சார். அஞ்சு நிமிஷம்."

அவள் கேட்டு அவர் இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை. ஆள் அனுப்பிக் கிரேனை நிறுத்தச் சொன்னார். ஜன்னத் பெட்டிக்குப் பின்னால் போய் மண்டியிட்டு, பலகையில் காதை ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டாள். கிடங்கில் ஒருவரும் அசையவில்லை. எங்கோ காக்கை கரைந்தது. கமாலுதீன் அவள் முகத்தையே பார்த்தான். அதில் ஒரு மாற்றமும் இல்லை. ஒரு நிமிஷம் போயிற்று, இரண்டு நிமிஷம், மூன்று. அவன் வாய்க்குள்ளேயே கலிமா சொல்ல ஆரம்பித்திருந்தான். கேட்கவில்லை, அவளுக்கும் கேட்கவில்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

ஜன்னத் கண்ணைத் திறந்து எழுந்தாள். முழங்கால் தூசியைத் தட்டினாள்.

"கேக்குது சார்" என்றாள். "பால் குடிக்கிற சத்தம். ரெண்டு குட்டி."

ராசையா அவளை ஒரு தரம் பார்த்தார். "சுட வேண்டாம் மிஸ்டர் பின்டோ" என்றார். பின்டோ தோட்டாவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். முத்தம்மா மட்டும் எழுந்து ஜன்னத் பக்கத்தில் வந்தாள். "நீ சொல்றியேன்னு உடுறேன்க்கா" என்றாள். ஜன்னத் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. அதைக் கவனித்தது கமாலுதீன் ஒருவன்தான்.

வீட்டுக்குப் போகிற வழியில் அவனால் பொறுக்க முடியவில்லை. "நெஜமாவே கேட்டிச்சா?"

"ஒண்ணுமே கேக்கல" என்றாள் ஜன்னத்.

"அப்புறம்?"

"நீ கேட்டேன்னு சொன்ன இல்ல."

நாலு அடி நடந்த பிறகு அவன் கேட்டான், "ரெண்டுன்னு எதுக்கு சொன்ன?"

"பொய்யின்னு ஆய்ட்ச்சி. அதுல எதுக்குக் கஞ்சத்தனம்?"

அவள் சொன்னது வேடிக்கையாக இருந்தாலும் இருவருமே சிரிக்கவில்லை. அந்த இரவு மட்டுமில்லை, அதற்கப்புறமும் பல நாள் கமாலுதீனுக்குத் தூக்கமில்லை. அவன் பொய்யனாவது புதிதில்லை. உள்ளே குட்டி இல்லையென்றால், மாரியப்பனுக்கு நிஜமாகவே வெறி ஏறியதென்றால், முத்தம்மா கேட்கப்போவது ஜன்னத்தை. நாற்பது வருஷம் அவள் காப்பாற்றி வைத்திருந்த ஒரே சொத்தான நல்ல வாக்கை அவனை நம்பிப் பந்தயம் வைத்துவிட்டாள். தினமும் காலையில் கிடங்குக்கு வந்ததும் முதலில் மாரியப்பனைப் போய்ப் பார்ப்பான். தண்ணீர் குடித்தாயா, தொண்டையில் இறங்கியதா என்று கேட்பான். "இறங்கிச்சி பாய், ஊசிதான் எறங்க மாட்டேங்குது" என்று மாரியப்பன் சட்டையைத் தூக்கி வீங்கின வயிற்றைக் காட்டுவான். பிறகு பெட்டிக்கு வந்து, தண்ணீர்த் தட்டைக் கம்பிக்குள் தள்ளிவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பான். கறுப்பு மூட்டை அசையாது. ஜன்னத் தினமும் அதே இடத்தில் இடியாப்பம் விற்றாள். வாங்குகிறவர்கள் எல்லோரும் குட்டிகளைப் பற்றி அவளிடம் கேட்டார்கள். அவள் சில்லறைக்குக் குனிவதுபோல் குனிந்துகொண்டாள்.

ஒன்பதாம் நாள் மத்தியானம், சங்கு ஊதிய பிறகு, கரடி மெதுவாக எழுந்தது. பாதியாக இளைத்திருந்தது. தள்ளாடிக்கொண்டே கம்பிக்கு வந்து தட்டுத் தண்ணீரை ஒரே மூச்சில் உறிஞ்சியது. பின்மூலை வைக்கோல் குழியில், கண் திறக்காத, பெருச்சாளி அளவில், மயிர் அரும்பின இரண்டு உருவங்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு தையல் மெஷின் சத்தம் போட்டன. கமாலுதீன் எண்ணினான். மறுபடி எண்ணினான். ஓடிப்போய் ராசையாவையும் மாரியப்பனையும் கையைப் பிடித்து இழுத்துவந்து எண்ணச் சொன்னான். பிறகு வாசலுக்குப் போய் ஜன்னத்திடம் இரண்டு விரலைக் காட்டினான். அவள் அப்படியே கூடையின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

மாரியப்பனுக்குப் பதினாலு ஊசியும் முடிந்தது, ஒன்றும் ஆகவில்லை. கப்பல் ஆபீசில் ஒரு கரடிக்குத்தான் அனுமதிச் சீட்டு இருக்கிறது, மூன்றை ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். துப்பாக்கிக்குத் தப்பியது காகிதத்தில் மாட்டியது, ஆனால் அதுவும் நல்லதாகத்தான் முடிந்தது. காகிதம் மேஜை மேஜையாகப் போய்வர ஆறு வாரம் ஆயிற்று. கடைசியில் பிடித்த இடத்துக்கே திருப்பி அனுப்ப உத்தரவு வந்தது. கூட்டிப்போக அதே மலையாள் வந்தான். குட்டி பிடிக்க வருகிறவர்கள் தாயைக் கொன்றுதான் எடுக்கிறார்கள், அவன் சின்ன வயசில் பார்த்த குகைகளில் பாதி இப்போது காலி, என்று தெலுங்கில் சொன்னான். இந்தத் தடவை குழாயடித் தெலுங்குக்காரம்மாவைக் கூட்டிவந்து பொருள் கேட்டார்கள். கரடியைப் பிடித்த பாறைக்கருகிலேயே திறந்துவிடுவதாக அவன் சத்தியம் செய்தான். செய்தானா என்று யாருக்குத் தெரியும். தானே கூடப் போய்ப் பெட்டியைத் திறந்ததாகவும், கரடி திரும்பி நின்று தனக்கு ஒரு சலாம் வைத்துவிட்டுப் போனதாகவும் கமாலுதீன் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தான். அவன் ராயபுரத்தைவிட்டு ஒரு அடி நகரவில்லை.

வண்டியில் ஏற்றின அன்று ஜன்னத் வந்திருந்தாள். மாசி மாதக் காலை; வெயில் ஏறியிருக்கவில்லை. குட்டிகளுக்குக் கண் திறந்திருந்தது. பெட்டியைத் தூக்கியதும் தாய் குனிந்து கொடுக்க, இரண்டும் அதன் முதுகு மயிரைக் கொத்தாகப் பற்றிக்கொண்டு ஏறி உட்கார்ந்தன. எத்தனை குலுக்கியும் விழவில்லை. சாக்கட்டி எழுத்தை ராசையாவே ஈரத் துணியால் அழித்துவிட்டு, அதன் மேல் என்ன எழுதுவது என்று தெரியாமல் வெறுமே விட்டிருந்தார்.

ஜன்னத் கம்பிக்கு எட்டி நின்று வெகுநேரம் பார்த்தாள். ரெயில் கிளம்பப் போகிறது என்று யாரோ சத்தம் போட்டார்கள்.

"நம்மளுது இந்த அளவுதான் இருந்திச்சி" என்றாள்.

கமாலுதீன் அவள் பக்கத்தில் வந்து நின்றான். அவள் கூடையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டான். வண்டி பாலத்தைத் தாண்டிப் போகும்வரை இருவரும் அங்கேயே நின்றிருந்தார்கள்.